யாரை விட்டுவைப்பது?

2008 நவம்பர் 25. ஸ்டெஃபன் கர்ரியை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகம் நன்றாக அறிந்திருந்த நேரம். எட்டு மாதம் முன்பு நடந்த தேசியப் போட்டியில், வட கரோலினாவின் டேவிட்சன் என்ற சிறு கல்லூரியைக் கடைசி எட்டு அணிகள் வரை இழுத்துக்கொண்டு போனவர் அவர். அன்று டேவிட்சனை எதிர்த்து ஆடிய அணி மேரிலாந்தின் லயோலா. அதன் பயிற்சியாளர் ஜிம்மி பாட்சோஸ் ஒரு முடிவோடு வந்திருந்தார். கர்ரி எங்கே போனாலும் இரண்டு பேர் கூடவே போக வேண்டும். அவர் கையில் பந்து இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. திட்டம் பலித்தது. கர்ரி அன்று கூடையை நோக்கி மூன்றே முறைதான் எறிந்தார், ஒன்றும் விழவில்லை. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 28.6 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் முடித்தவருக்கு அன்றைக்குக் கிடைத்தது பூஜ்யம்.

லயோலா 78-48 என்ற கணக்கில் தோற்றது.

நடந்தது எளிய கழித்தல் கணக்கு. இரண்டு பேர் தன்னை விடுவதில்லை என்று புரிந்ததும் கர்ரி ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார். அவரோடு அந்த இரண்டு பேரும் நின்றார்கள். மீதி மைதானத்தில் டேவிட்சனின் நால்வருக்கு எதிரே லயோலாவின் மூவர். யாராவது ஒருவர் எப்போதும் சும்மா நின்றார், அவருக்குப் பந்து போனது, கூடையில் விழுந்தது. ஆட்டம் முடியும்வரை இதே கதைதான்.

எதிரணியின் முக்கிய வீரர்களை ஆட்டத்துக்கு முன்பே அலசி, அவர்களை எப்படி மடக்குவது என்று திட்டம் போடும் வழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. லயோலாவின் வேவு பிழையானதல்ல. ஆபத்தான ஆள் யார் என்று சரியாகவே கண்டுகொண்டார்கள், அவரை முடக்கியும் காட்டினார்கள். ஆனால் அவரை முடக்க என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அந்தத் திட்டம் கணக்கில் வைக்கவே இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரிய கல்லூரி அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளர்கள் சிலர் இருப்பார்கள். பருவத்தின் எதிரணிகளை அவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். தன் பங்குக்கு வந்த அணியின் அண்மை ஆட்டங்கள் சிலவற்றை ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் பார்ப்பார். பார்த்து, வெட்டி, ஒட்டி, ஆளுக்கொரு குறிப்பு எழுதுவார். இவன் எந்தக் கைப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறான், பந்து வந்ததும் எறிகிறானா அல்லது இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் எறிகிறானா, சக வீரன் வழிமறித்து நிற்கும் ஸ்க்ரீனைத் தாண்டியதும் எறியப் பார்க்கிறானா பாஸ் கொடுக்கிறானா, கூடைக்கடியில் எந்தத் தோள் பக்கம் திரும்புகிறான், கடைசி நிமிடத்தில் ஃபவுல் செய்தே ஆக வேண்டுமென்றால் ஃப்ரீ த்ரோ சரியாக வராதவன் யார். இதெல்லாம் ஒன்றிரண்டு தாள்களாகச் சுருங்கி வீரர்கள் கைக்கு வரும். வீடியோ ஒரு கால் மணி நேரம் ஓடும். பிறகு பயிற்சி மைதானத்தில், அணியில் அதிகம் ஆட வாய்ப்பில்லாத மாணவர்கள் எதிரணியாக வேடம் கட்டுவார்கள். மகளிர் அணிகள் பலவற்றில் இந்த வேடத்தைக் கட்டுவது அதே கல்லூரியின் ஆண் மாணவர்கள். அவர்களுக்குக் கைதட்டலும் கிடையாது, தொலைக்காட்சியில் முகமும் வராது. இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள் அவர்கள்தான்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு இப்போது பெரும்பாலும் வழியில்லை. அந்தப் பருவத்தில் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்தை அரங்குக்கே போய்ப் பார்த்துக் குறிப்பெடுப்பதைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ தடை செய்திருக்கிறது. ஒரே இடத்தில் பல அணிகள் கூடி ஆடும் தொடர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. செலவைக் குறைப்பதும், பணக்காரக் கல்லூரிகள் ஊர் ஊராக ஆள் அனுப்பி முந்திக்கொள்ளாமல் தடுப்பதும் நோக்கம். 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி இந்த நேரடி வேவு விவகாரத்தில்தான் சிக்கியது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மூன்று ஆட்டங்களுக்கு மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டியதாயிற்று. கூடைப்பந்தில் அந்த அளவுக்கு யாரும் துணியத் தேவையில்லை. சினர்ஜி போன்ற நிறுவனங்களின் மென்பொருளில், ஒரு வீரர் பருவம் முழுக்க இடப்பக்கம் நுழைந்த ஒவ்வொரு தருணமும் ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கிறது. ஆகவே எதிரணியின் நட்சத்திரத்தைப் பற்றிய அறிவு இன்று யாருக்கும் ரகசியமல்ல. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அந்த நட்சத்திரத்துக்கும் தெரியும்.

அப்படியானால் இதனால் ஆகும் பலன்தான் என்ன? பலன் இருக்கிறது, பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1968 ஜனவரியில் ஹூஸ்டன் அணி ஆஸ்ட்ரோடோம் அரங்கில் யூசிஎல்ஏ அணியை 71-69 என்று வீழ்த்தியது. ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் ஒருவரே 39 புள்ளிகள். இரண்டு மாதம் கழித்து தேசியப் போட்டியின் அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் மீண்டும் மோதின. யூசிஎல்ஏ இந்த முறை நான்கு பேரை வைர வடிவில் நிறுத்தி, ஐந்தாவது ஆளான லின் ஷேக்கல்ஃபோர்டை ஹேய்ஸின் நிழலாக ஒட்டவிட்டது. உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மனின் யோசனை அது. ஹேய்ஸ் எடுத்தது 10 புள்ளிகள். யூசிஎல்ஏ 101-69 என்று வென்றது.

முழுப் பெருமையையும் திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஜனவரி ஆட்டத்தில் யூசிஎல்ஏவின் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆனவர், கண்ணில் காயத்தோடு ஆடினார். மார்ச்சில் அவர் கண் தெளிந்திருந்தது. ஆனாலும் லயோலாவையும் யூசிஎல்ஏவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். யூசிஎல்ஏ ஹேய்ஸுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு ஆள். மீதி நால்வரைச் சமாளிக்க நால்வர் இருந்தார்கள்; அந்த நால்வரில் ஒருவர் அல்சிண்டர். லயோலாவிடம் அல்சிண்டர் இல்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் ஒரு அணியின் திட்டத்தை இன்னொரு அணி அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

1979 இறுதி ஆட்டம் வேறு வகை. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரே இந்தியானா ஸ்டேட். அங்கே லாரி பேர்ட். உயரமும் உண்டு, கூர்மையான எறிவும் உண்டு, அதைவிடக் கூர்மையான பாஸும் உண்டு. அப்படி ஒருவரைப் போல வேடம் கட்ட மிச்சிகன் ஸ்டேட் பயிற்சியாளர் ஜட் ஹீத்கோட்டிடம் ஆள் இல்லை, ஒருவரைத் தவிர. தன் அணியின் மேஜிக் ஜான்சனையே பயிற்சியில் பேர்ட்டாக ஆடவிட்டார். இறுதி ஆட்டத்தில் பேர்ட் 21 முறை எறிந்து 7-ஐத்தான் போட்டார். மிச்சிகன் ஸ்டேட் 75-64. இந்த வழக்கத்தின் மிகச் சிறந்த பக்கம் இதுதான் என்பேன். இடப்பக்கம் வருவான், வலப்பக்கம் தள்ளு என்று தாளில் எழுதிக் கொடுப்பது ஒன்று. அப்படிப்பட்டவன் எதிரே நின்றால் பந்து எங்கிருந்து வரும் என்று உடம்புக்குப் பழக்கிவைப்பது இன்னொன்று. ஆட்டத்தின் பரபரப்பில் தாள் மறந்துபோகும், உடம்பு மறக்காது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடியின் கதையில்தான் இந்த வழக்கத்தின் மர்மமெல்லாம் இருக்கிறது. 7 அடி 4 அங்குல உயரம். 2023-லும் 2024-லும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். அவரை எப்படித் தடுப்பது என்று இரண்டு பருவம் முழுக்க எதிரணிகள் மண்டையை உடைத்துக்கொண்டன. தேசியப் போட்டியில் அந்த அணியை இரண்டு ஆண்டுகளிலும் வெளியேற்றியவர்கள் போட்ட திட்டங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலில் 2023 மார்ச் 17. போட்டியில் தன் மண்டலத்துத் தரவரிசையில் முதலிடம் கொடுக்கப்பட்ட பர்டூவுக்கு எதிரே, அதில் கடைசியான பதினாறாம் இடத்து ஃபேர்லி டிக்கின்சன். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் இருந்த 363 அணிகளில் உயரம் மிகக் குறைந்த அணி. இரண்டு நாள் முன்புதான் இன்னொரு ஆட்டத்தை வென்று உள்ளே வந்திருந்தார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு உடைமாற்றும் அறையிலேயே பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன், பர்டூவைப் பார்க்கப் பார்க்க நம்மால் வெல்ல முடியும் என்று தோன்றுகிறது என்ற பொருளில் வீரர்களிடம் சொன்னது கேமராவில் பதிவாகிவிட்டது. திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் செய்தது இது: ஈடிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பந்தே அவர் கைக்குப் போகக் கூடாது. மைதானம் முழுக்க ஓடி நெருக்கி, பந்தைக் கொண்டுவரும் முதலாண்டு மாணவர்களைத் திணறடிப்பது. வெளியே நிற்பவர்கள் தூரத்திலிருந்து எறிந்தால் எறியட்டும். பர்டூ மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 26 முறை எறிந்து 5-ஐத்தான் போட்டது. ஃபேர்லி டிக்கின்சன் 63, பர்டூ 58. ஒன்றாமிடத்து அணியைப் பதினாறாமிடத்து அணி ஆடவர் போட்டியில் வீழ்த்தியது வரலாற்றில் அது இரண்டாவது முறை.

அடுத்து 2024 ஏப்ரல் 8, இறுதி ஆட்டம். இப்போது எதிரே கனெக்டிகட். பயிற்சியாளர் டேன் ஹர்லி ஈடியைத் தடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் ஒரே ஆளிடம், 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கனிடம் விட்டார். உதவிக்கு ஆள் அதிகம் போகவில்லை. ஈடி எடுக்கட்டும் என்றே விட்டார்கள். அவர் எடுத்தது 37 புள்ளிகள். மற்ற நால்வரைத் தடுப்பவர்கள் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. வழக்கமாக ஒரு ஆட்டத்தில் 20 முறை போலத் தூரத்திலிருந்து எறியும் பர்டூ அன்று எறிந்தது 7 முறை, விழுந்தது ஒன்று. கனெக்டிகட் 75, பர்டூ 60.

ஒரே நட்சத்திரம். ஒரு அணி அவரைப் பூட்டி மற்றவர்களைத் திறந்துவிட்டது; இன்னொரு அணி அவரைத் திறந்துவிட்டு மற்றவர்களைப் பூட்டியது. இரண்டும் வென்றன. இந்த இரண்டு திட்டங்களுக்கும் ஈடியைப் பற்றிய குறிப்பு ஒன்றாகவேதான் இருந்திருக்கும்: இடுப்புக்கு மேலே பந்து கிடைத்தால் முடிந்தது கதை. வேறுபாடு அவரைப் பற்றிய குறிப்பில் இல்லை. மற்ற நால்வர் அந்தந்த வருடம் என்னவாக இருந்தார்கள், நம்மிடம் என்ன இருக்கிறது என்ற இரண்டு பதில்களில் இருந்தது. 2023-ல் அந்த நால்வரில் அனுபவமற்றவர்கள் இருந்தார்கள், குறி தடுமாறியது. 2024-ல் அவர்களில் பலர் ஒரு வயது கூடியிருந்தார்கள்; பர்டூ நாட்டில் மிக நன்றாகத் தூர எறிவு எறியும் அணிகளில் ஒன்றாகியிருந்தது. ஃபேர்லி டிக்கின்சனிடம் கிளிங்கன் இல்லை, கனெக்டிகட்டிடம் இருந்தார்.

இங்கே ஒரு சங்கடமான கணக்கையும் போட்டுவிட வேண்டும். 2023 ஆட்டத்தில் பர்டூவின் 26 எறிவுகளில் 5-க்குப் பதில் 7 விழுந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பர்டூ 64-63 என்று ஜெயித்திருக்கும். 26-ல் 7 என்பது பெரிய சாதனை அல்ல. சுமாரான அணிக்கே சாதாரண நாளில் அதற்கு மேல் விழும். அப்போது டோபின் ஆண்டர்சனின் திட்டம் மேதைமை என்று யாரும் எழுதியிருக்க மாட்டோம்; நல்ல முயற்சி, பாவம் என்று எழுதியிருப்போம். திட்டம் அதேதான். வென்ற திட்டமெல்லாம் நல்ல திட்டம் என்று பேசுவது விளையாட்டு எழுத்தின் பழைய வியாதி. எனக்கும் அது உண்டு. என்றாலும் இந்தத் திட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம் முடிவு மட்டும் அல்ல. உயரமில்லாத அணிக்கு அன்று இருந்த வழிகளிலேயே வாய்ப்பு அதிகமுள்ள வழியை அவர்கள் எடுத்தார்கள். வாய்ப்பு மிகுந்தது என்பதற்கு உறுதியானது என்று பொருளில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, சிறு எண்களை நம்புவது. கல்லூரிப் பருவம் மொத்தமே சுமார் 30 ஆட்டங்கள். டிசம்பரில் ஒரு மாணவர் பத்து ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்கு மூன்று வீதம் தூர எறிவு எறிந்திருந்தால் கையில் இருப்பது 30 எறிவுகள். 12 விழுந்திருந்தால் 40 சதவீதம்: விடாதே, ஒட்டி நில். 9 விழுந்திருந்தால் 30 சதவீதம்: எறியட்டும், விடு. இரண்டுக்கும் இடையே இருப்பது மூன்று பந்துகள். வளையத்தில் உருண்டு வெளியே போன மூன்று பந்துகளை நம்பி ஒருவரை எறியத் தெரியாதவர் என்று முத்திரை குத்துகிறோம். 2018-ல் வந்த இடமாற்றப் பதிவு முறையும், 2021 முதல் ஒரு வருடம் உட்காராமலே உடனே வேறு கல்லூரிக்கு ஆடலாம் என்ற தளர்வும் இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டன. போன வருடத்து வீடியோவில் இருப்பவர் வேறு அணியில், வேறு பயிற்சியாளரின் கீழ், வேறு வேலை செய்தவர்.

முத்திரை குத்தப்பட்டவர் என்ன ஆகிறார் என்பதற்கு மகளிர் ஆட்டத்தில் மறக்க முடியாத சான்று இருக்கிறது. 2023 அரையிறுதியில், அதுவரை 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத சவுத் கரோலினாவை ஐயோவா 77-73 என்று வீழ்த்தியது. ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 41 புள்ளிகள் எடுத்தது செய்தியானது. ஆனால் திட்டத்தின் அடையாளமாக நின்ற காட்சி வேறு. கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்ற சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சனை நோக்கிக் கிளார்க் நெருங்கவே இல்லை. கையை அசைத்து, எறிந்துகொள் என்பதுபோல விட்டுவிட்டார். வேவுத் தாளில் ஒரு வரியாக இருந்தது நாடு முழுக்கப் பார்த்த காட்சியாகிவிட்டது. அணியாக அந்த முடிவு சரியானதே. சவுத் கரோலினா அன்று 20 தூர எறிவுகளில் 4-ஐத்தான் போட்டது. அந்தக் காட்சி தன்னைக் காயப்படுத்தியதை ஜான்சன் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த வருடம் அவர் எறிவு தேறியது. அதே இரண்டு அணிகள் மோதிய 2024 இறுதி ஆட்டத்தில் முதல் கால் பகுதியில் 18 புள்ளிகள் குவித்த கிளார்க், அதன் பிறகு மூன்று பகுதிகளிலும் சேர்த்து எடுத்தது 12. அவரைத் துரத்தித் துரத்தித் தடுத்தவர்களில் முன்னால் நின்றவர் ஜான்சன். சவுத் கரோலினா 87-75 என்று வென்று, 38 ஆட்டங்களிலும் தோல்வியின்றி முடித்தது. ஒருவரைப் பற்றிய குறிப்பு அவர் காதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தக் குறிப்பு பழசாகத் தொடங்கிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளைகள் மாறும் வேகத்துக்குத் தாள் ஈடுகொடுக்காது.

இன்னொரு குறை நேரம். என்சிஏஏ விதிப்படி பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. எதிரணிக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு மணியும் சொந்த அணியிடமிருந்து எடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை யூசிஎல்ஏவைச் சாம்பியனாக்கிய ஜான் வுடன், எதிரணியை அலசுவதில் மற்றப் பயிற்சியாளர்கள் அளவுக்கு நேரம் செலவழிக்காதவர் என்று பெயரெடுத்தவர். நம் வேலையை நாம் ஒழுங்காகச் செய்தால் அவர்கள் நம்மைப் பற்றிக் கவலைப்படட்டும் என்பது அவர் போக்கு. அதே வுடன்தான் 1968-ல் ஹேய்ஸுக்கு எதிரே அந்த வைர வியூகத்தை ஏற்றுக்கொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க இருபத்தைந்து எதிரணிகளுக்கு இருபத்தைந்து திட்டம் போட்டவர் அல்ல. தேவையான ஒரு நாளில் ஒன்று போட்டார். அது வீரர்களுக்குப் புதிதாக இருந்ததே தவிர, குழப்பமாக இருக்கவில்லை.

குழப்பம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். ஐந்து ஆட்களுக்கு ஆளுக்கு ஆறு குறிப்பு கொடுத்தால் முப்பது. ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, எதிரே வருபவன் எத்தனையாம் எண், அவனுக்கு என்ன எழுதியிருந்தது என்று யோசிப்பவனுக்குக் கால் அரை நொடி தாமதமாகத்தான் நகரும். கூடைப்பந்தில் அரை நொடி போதும். ஆளுக்கு ஒரு குறிப்பு போதும் என்பது என் கட்சி. அதில் முதல் வரியாக நான் பார்க்க விரும்புவது எதிரணி நட்சத்திரத்தின் பெயர் அல்ல. அவரைத் தடுக்க ஆள் அனுப்பும்போது அவர்கள் அணியில் யாரை விட்டுவைக்கிறோம், எந்த இடத்தில், ஆட்டத்தின் எந்த நேரத்தில் என்பதைத்தான். லயோலாவின் தாளில் இந்த வரி இருந்திருந்தால், இரண்டு பேர் கர்ரியோடு மூலையில் நின்றுகொண்டே ஆட்டத்தைக் கழித்திருக்க மாட்டார்கள்.

அந்த வரி எப்படி இருக்கும் என்பதற்கு லயோலா ஆட்டத்துக்கு எட்டு மாதம் முன்பே ஒரு மாதிரி இருந்தது. 2008 மார்ச் 30, டெட்ராய்ட். கடைசி நான்கில் இடம் பிடிக்க டேவிட்சனும் கான்சாஸும் மோதின. ஆட்டம் முழுக்கக் கர்ரியைப் பெரும்பாலும் ஒற்றை ஆளை வைத்தே தடுத்தது கான்சாஸ். அவர் 25 புள்ளிகள் எடுத்தார். அதற்கு 25 முறை எறிய வேண்டியிருந்தது. கடைசி விநாடிகளில் கான்சாஸ் 59-57 என்று முன்னே. பந்து கர்ரி கையில். அப்போதுதான் இரண்டு பேர் அவரை நெருங்கினார்கள். அவர் பந்தை ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குத் தட்டிவிட்டார். ரிச்சர்ட்ஸ் வெகு தூரத்திலிருந்து எறிந்தார். விழவில்லை. எட்டு நாள் கழித்து கான்சாஸ் தேசியச் சாம்பியன் ஆனது.